சூரியன் நிற்கும் இடத்தில் நின்று எடுத்த படம்: அல்சூரில் ஒரு மேற்குச் சுவர்

அல்சூர் ஏரிக்கும் சோமேஸ்வரர் கோயிலுக்கும் நடுவே ஒரு தெரு. மனை 30க்கு 40. பெங்களூரில் ‘தேர்ட்டி ஃபார்ட்டி சைட்’ என்றால் போதும், 1,200 சதுர அடி என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. வாசல் மேற்கு பார்த்தது. முதல் மாடியில் 14 அடி நீள ஹால், அதற்கு முன்னால் 3 அடி அகலத்துக்கு சிட்-அவுட், அதன் வெளி விளிம்பில் வெறும் இரும்பு கிரில். எதிரே ஒரு பழைய ஓட்டு வீடு, அதற்கப்பால் காலி மனை. சாயங்கால வெயிலை மறைக்கத் தெருவில் எதுவும் இல்லை.

மார்ச் மாதம் நாலரை மணிக்கு அந்த ஹாலில் போய் நின்றால் பிரச்சினை காலிலேயே தெரியும். 7 அடி உயரக் கதவு வழியாக வரும் வெயில் தரையில் 12 அடி வரை ஓடுகிறது. மேலே சிலாப் இருக்கிறதே என்று கேட்கலாம். 3 அடி நீட்டிய சிலாப் உச்சி வெயிலுக்குத்தான் குடை. சூரியன் அடிவானத்திலிருந்து 29 டிகிரி உயரத்துக்கு இறங்கிவிட்டால் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷினில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறேன். மூன்று மணிக்கு மேல் அவரும் ஆன்ட்டியும் ஹாலை விட்டுவிட்டுப் பின்பக்கம் அடுக்களையில் உட்கார்ந்துகொள்வார்கள். டிவி ஹாலில் இருக்கிறது, ஆட்கள் அடுக்களையில். இதைச் சரி செய்யத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் இரண்டு உதவியாளர்களை வைத்துச் சிறிய கட்டட வடிவமைப்பு அலுவலகம் நடத்துகிறேன். இந்த வேலையில் பயணப் படங்களை மாதிரியாக வைத்து ஒரு தப்பு செய்தேன். அதே பயணப் படங்களை வைத்துத்தான் அதைத் திருத்தவும் செய்தேன். அதனால் இதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

41 படங்கள்

முதல் சந்திப்பு முடிந்த அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் 41 படங்கள் வந்தன. இருவரும் ஜெய்ப்பூர் போய்வந்தபோது எடுத்தவை. முப்பதுக்கும் மேற்பட்ட படங்களில் ஆன்ட்டியும் அங்கிளும் நடுவில் நிற்கிறார்கள், கட்டடம் அவர்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறது. மிச்சத்தில் பாதி ஹவா மஹால். “இந்த மாதிரி நம்ம வீட்டு முன்னாடி ஒரு ஜாலி போட முடியுமா மா? காத்து வரும், வெயில் வராது” என்று ஆன்ட்டி குரல் செய்தி அனுப்பியிருந்தார்.

ஜாலி என்றால் ஓட்டை ஓட்டையாக விட்டுக் கட்டும் தடுப்புச் சுவர். கேட்டது தப்பே இல்லை. 1799இல் சவாய் பிரதாப் சிங் காலத்தில், லால் சந்த் உஸ்தாத் வடிவமைத்த கட்டடம் அது. ஐந்து அடுக்கு, 953 சின்ன ஜன்னல்கள், பெயரே காற்று மாளிகை. காற்றுக்காகவும், அரண்மனைப் பெண்கள் வெளியே தெரியாமல் தெருவைப் பார்ப்பதற்காகவும் கட்டியது. ஆன்ட்டி சொன்ன ஒரே வரியில் அதன் வேலை முழுக்க இருக்கிறது.

ஆனால் ஹவா மஹாலை எல்லாரும் எடுக்கும் படம் ஒன்றேதான்: தெருவுக்கு எதிர்ப்பக்கத்துக் காபிக்கடை மாடியில் நின்று, நேர் எதிரிலிருந்து, காலையில். அந்த முகப்பு கிழக்கு பார்த்தது. காலைச் சூரியன் நேராக அடிக்கும்போதுதான் அந்தச் செம்மண் நிறம் தங்கமாக மின்னும். அதோடு நாம் முகப்பு என்று நினைப்பது கட்டடத்தின் முதுகு. நுழைவாசல் அந்தப் பக்கத்திலேயே இல்லை. மேல் மூன்று அடுக்குகள் ஒரே ஓர் அறை ஆழம்தான், ஏறிப்போகப் படிகளுக்குப் பதில் சாய்தளம். இவை எதுவும் எதிர்மாடிப் படத்தில் தெரியாது.

இன்னொரு சிக்கல், அந்த 41 படங்களும் வாட்ஸ்அப்பில் படமாகவே வந்தவை. அப்படி அனுப்பினால் படம் சுருங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். எடுத்த நேரம், இடம், எந்த லென்ஸ் என்று கோப்புக்குள் இருக்கும் எக்ஸிஃப் தகவலும் சேர்ந்து போய்விடும். அதே படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் மூலக்கோப்பு அப்படியே வரும். ஆன்ட்டியிடம் இதைச் சொல்லித் திரும்ப அனுப்பச் சொல்ல எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. படம் அழகாக இருந்தது, அது போதும் என்று விட்டுவிட்டேன்.

நான் திருப்பி வைத்த வடக்கு

என் கணினியிலும் ‘ஜாலி’ என்று ஒரு ஃபோல்டர் உண்டு. டெல்லியில் ஹுமாயூன் சமாதி, திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் செங்கல் ஜாலிகள், ஆமதாபாத் படங்கள் கொஞ்சம். ஹவா மஹாலோடு இவற்றையும் அடுக்கி வைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்தேன். எடை குறைவு, சீக்கிரம் கட்டலாம், பார்க்க நேர்த்தி என்று கடையில் கிடைக்கும் டெரகோட்டா ஜாலிக் கல்லையே தேர்ந்தெடுத்தேன். கல் 200க்கு 200 மிமீ, கனம் 60 மிமீ, நடுவில் 80 மிமீ ஓட்டை. 3டி ரெண்டர், அதாவது கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று கணினி காட்டும் படம், எடுத்து அனுப்பினேன். தரையில் பூக்கோலம் போல வெயில் விழுந்திருந்தது. இரண்டு பேருக்கும் மிகவும் பிடித்துப் போயிற்று.

அந்த ரெண்டரில் ஒரு திருட்டுத்தனம் இருந்தது. வெயில் அழகாக விழவேண்டும் என்று மாடலின் வடக்கைக் கொஞ்சம் திருப்பி வைத்திருந்தேன். இந்தத் தொழிலில் இதைச் செய்யாதவர்கள் குறைவு. ஒத்துக்கொள்பவர்கள் இன்னும் குறைவு.

நல்லவேளை, மொத்தமாக ஆர்டர் போடும் முன் மேஸ்திரி அண்ணன் ஒன்பது கல்லை மட்டும் கொண்டுவந்து கிரில்லில் கட்டி வைத்தார். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், இருபது வருடமாக இந்த ஊரில் கொத்து வேலை. மார்ச் மூன்றாம் வாரம், மத்தியானம் இரண்டே முக்காலுக்கே அந்த ஒன்பது ஓட்டை வழியாகவும் வெயில் உள்ளே வந்துவிட்டது. நாலரைக்கு ஒவ்வோர் ஓட்டையிலும் பாதிக்கு மேல் வெயில். அங்கிள் நாற்காலியை அந்த இடத்தில் போட்டுப் பேப்பரைப் பிரித்தார். வெள்ளைக் கட்டமும் கறுப்புக் கட்டமுமாக எழுத்தின் மேல் விழுந்தது. “முன்னாடி சூடு மட்டும்தான் இருந்துச்சு மா, இப்போ கண்ணும் கூசுது” என்றார். ஆன்ட்டி கொஞ்சம் இரக்கப்பட்டு, “அழகாத்தான் இருக்கு” என்றார்.

தம்பி கெடுத்த படம்

அன்று ராத்திரி ஃபோல்டரைத் திரும்பத் திறந்தேன். பேக்கரின் சுவர்கள் நேர் எதிரில் நின்று எடுத்தவை. ஹுமாயூன் சமாதியின் மேற்குப் பக்க ஜாலியில் தொழுகை மாடத்தின் வடிவம் செதுக்கப்பட்டிருக்கும். அதை நடுவில் சரியாக வைத்துப் பத்துப் படமாவது எடுத்திருக்கிறேன், அவையும் நேர் எதிரில். எல்லாப் படத்திலும் ஜாலி என்றால் ஓட்டை. கல் மெல்லிய கோடு போலத்தான் தெரிகிறது.

ஒரே ஒரு படம் வேறு மாதிரி இருந்தது. சுவரை ஒட்டி நடந்துகொண்டிருந்தபோது தம்பி குறுக்கே வந்து கெடுத்த படம். பாதி அவன் தோள், பின்னால் பக்கவாட்டில் நீண்டு போகும் சுவர். அதிலும் ஜாலி இருக்கிறது. ஆனால் ஓர் ஓட்டைகூடத் தெரியவில்லை. பக்கவாட்டில் பார்க்கும்போது ஒவ்வோர் ஓட்டையின் உள்பக்கக் கல்லே அந்த ஓட்டையை மூடிவிடுகிறது. முழுக் கல் சுவர் போலவே இருக்கிறது, நிழல் வரிகள் மட்டும் மெல்லிசாக.

அழிக்கவேண்டிய படம் என்று குறித்து வைத்திருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் எங்கே நின்று பார்க்கிறேனோ அங்கே சூரியன் இருந்தால், என் கண்ணுக்குத் தெரியும் ஓட்டை அளவுக்குத்தான் வெயிலும் உள்ளே போகும். நேர் எதிரில் நின்று எடுத்த படம் என்றால், சூரியன் அடிவானத்தில் சுவருக்கு நேர் எதிரில் இருக்கும் நிமிடத்தின் படம். ஜாலி தன் வேலையைச் செய்யவே முடியாத நிமிடம் அது. நாங்கள் எல்லாரும் ஜாலியை அந்த நிமிடத்திலேயே படம் எடுத்து, அதைப் பார்த்தே வரைந்துகொண்டிருந்தோம். ஹவா மஹாலில் இது இன்னும் கச்சிதம்: கிழக்கு முகப்பு, காலைச் சூரியன், படம் எடுப்பவர் முதுகில் வெயில்.

மறுநாள் 3டி மாடலில் வடக்கை நேராக்கினேன். காம்பஸ் வைத்துப் பார்த்ததில் சுவர் சரியான மேற்கிலிருந்து ஒன்றிரண்டு டிகிரிதான் விலகியிருந்தது. அப்புறம் கேமராவை எடுத்து சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தேன். மார்ச் 21, நாலரை மணி. டெரகோட்டா ஜாலி அங்கிருந்து பார்க்கும்போது சல்லடையாகத் தெரிந்தது.

கனமும் ஓட்டையும்

கணக்கு எளியது. ஓட்டையின் உயரத்தைச் சுவரின் கனத்தோடு ஒப்பிட்டால் சூரியன் எந்தக் கோணத்துக்குக் கீழே இறங்கியதும் வெயில் நுழையும் என்று தெரிந்துவிடும். 80 மிமீ ஓட்டை, 60 மிமீ கனம் என்றால் 53 டிகிரி. மார்ச் 21 வாக்கில் பெங்களூரில் சூரியன் மத்தியானம் இரண்டே முக்காலுக்கு அந்தக் கோணத்துக்கு வந்துவிடுகிறது. ஒன்பது கல் காட்டிய நேரமும் அதுதான். நாலரைக்கு 29 டிகிரி, ஐந்தரைக்கு 15 டிகிரிக்குச் சற்றுக் குறைவு.

இதற்கு ஆழமான ஓட்டை வேண்டும். மேஸ்திரி அண்ணனிடம் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. “செங்கல நீட்டா போடாம குறுக்க போடுங்க மேடம், ஒம்போது இன்ச் ஆழம் தானா வந்துடும்.” அதாவது செங்கலின் தலை மட்டும் வெளியே தெரியும், நீளம் முழுக்கச் சுவரின் கனமாகிவிடும், 230 மிமீ. பேக்கர் ஃபோல்டரில் இருந்த சுவர்களும் இதே குடும்பம்தான்: தனியாக ஜாலிக் கல் எதுவும் வாங்காமல், சாதாரணச் செங்கலுக்கு நடுவே இடம் விட்டுக் கட்டுவது.

எவ்வளவு இடம் விடுவது என்பதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். காற்று நிறைய வரட்டும் என்று நான் 75 மிமீ கேட்டேன். செங்கலின் அகலம் 110. அப்படி விட்டால் மேல் வரிசைச் செங்கல் கீழ் வரிசையில் பக்கத்துக்கு 17 மிமீதான் உட்காரும். “முக்கால் இன்ச்சுகூட இல்ல, லாரி போனா ஆடும்” என்று அவர் மறுத்துவிட்டார். பக்கத்துக்கு ஓர் இன்ச் இல்லாமல் கட்டமாட்டேன் என்றார். 60 மிமீயில் முடிந்தது. அவர் பிடிவாதத்தால் எனக்கு வேறொரு லாபம் கிடைத்தது, அப்போது இருவருக்குமே அது தெரியாது.

சூரியன் வருடம் முழுக்க நேர் மேற்கில் இறங்குவதில்லை. ஜூனில் பிற்பகல் நாலரை வாக்கில் அது மேற்கிலிருந்து 20 டிகிரி வடக்கே விலகி நிற்கும். டிசம்பரில் அதே போல 30 டிகிரிக்கு மேல் தெற்கே. 230 மிமீ ஆழத்துக்கு 60 மிமீ அகலம் என்றால், சூரியன் பக்கவாட்டில் 15 டிகிரி விலகினாலே ஓட்டை அடைபட்டுவிடும். ஆக ஜூனிலும் டிசம்பரிலும் சாயங்காலம் முழுக்க ஒரு பொட்டு நேர்வெயில் வராது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி வரை, அப்புறம் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரைதான் கவலை. நான் கேட்ட 75ஐ விட்டிருந்தால் இந்தக் கவலை நாட்கள் இரண்டு பக்கமும் நீண்டிருக்கும்.

இதே இடத்தில் டெல்லிப் படங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டெல்லியில் சூரியன் ஒரு நாளும் நேர் உச்சிக்கு வராது. டிசம்பர் 21 உச்சிப்பொழுதில் அங்கே 38 டிகிரி உயரம், பெங்களூரில் 53க்கு மேல். இங்கே ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து, அப்புறம் ஆகஸ்ட் நடுப்பகுதி தாண்டும் வரை உச்சிப்பொழுதில் வடக்குப் பக்கமாகவே போகிறது. வடக்குச் சுவருக்கு சன்ஷேடு வேண்டாம் என்று டெல்லிக் கட்டடத்தைப் பார்த்து முடிவெடுத்தால் பெங்களூரில் மே மாதம் மாட்டிக்கொள்வோம். படத்தில் நிழல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அது எடுத்த ஊரின் நிழல்.

எடைதான் பெரிய தலைவலி. 12 அடி அகலம், 8 அடி உயரத்துக்கு இந்தச் செங்கல் ஜாலி, மூன்றில் ஒரு பங்கு ஓட்டை போக, சுமார் இரண்டரை டன். டெரகோட்டாவில் இதில் சின்னப் பங்குதான். சிட்-அவுட் வெறுமனே நீட்டிய சிலாபாக இருந்திருந்தால் திட்டத்தை அங்கேயே கைவிட்டிருப்பேன். கீழ்த்தளத்தின் முன்சுவர் நேர் கீழே இருந்தது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்த்து, அதன் மேல் ஓர் ஆர்சிசி பீம் (கம்பி வைத்த கான்கிரீட் உத்திரம்), இரண்டு ஓரத்திலும் தூண், நடு உயரத்தில் 4 இன்ச் பேண்டு (குறுக்கே ஓடும் கான்கிரீட் பட்டை) என்று போடச் சொன்னார். ஹவா மஹால் போலத் தெரியவேண்டும் என்ற ஆசையில் நடு பேண்டை ஒளித்து வைக்க நான் பார்த்த வேலைகளைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. கடைசியில் பேண்டு அப்படியே வெளியே தெரிகிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

கலவை இல்லாமல் மூன்றடிக்கு மூன்றடி செங்கலை அடுக்கி ஒரு மாதிரி பார்த்தோம், அதே மார்ச் கடைசியில். அங்கிள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, டைரியில் நேரம் குறித்தார். முதல் வெயில் கோடு தரையில் விழுந்தது 5 மணி 13 நிமிடத்துக்கு. இரண்டே முக்காலிலிருந்து ஐந்தேகாலுக்குத் தள்ளிவிட்டோம். ஆன்ட்டி எல்லாருக்கும் காபி போட்டார்.

ஆன்ட்டி கேட்ட இரண்டு கேள்விகள்

வேலை நடக்கும்போது ஆன்ட்டி கேட்டார், “அதே மாதிரி கட்டினா யாராச்சும் கேஸ் போட மாட்டாங்களா?” ஹவா மஹாலுக்கு யாரும் போடமாட்டார்கள். ஆனால் கேள்வி நியாயமானது, ஏனென்றால் என் ஃபோல்டரில் இன்றைய கட்டடங்களும் உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு கட்டடத்தைப் படம் எடுப்பதும் வரைவதும் அந்தப் படத்தை வெளியிடுவதும் மீறல் ஆகாது. அந்தப் படத்தைப் பார்த்து அதே கட்டடத்தைக் கட்டுவது வேறு விஷயம். கட்டடத்தின் கலைத்தன்மைக்கும் வடிவமைப்புக்கும் பதிப்புரிமை உண்டு, கட்டும் முறைக்குக் கிடையாது. செங்கலைக் குறுக்கே போட்டு இடம் விட்டுக் கட்டுவது முறை. அதில் யாரும் வந்து உரிமை கேட்க முடியாது. படம் எடுக்க அனுமதி இருக்கிறது என்பதாலேயே பிரதி எடுக்கவும் அனுமதி என்று நினைக்கும் இளம் வடிவமைப்பாளர்கள் நிறைய. என் அலுவலகத்திலேயே ஒருவர் இருந்தார்.

இரண்டாவது கேள்வி புறா. 60 மிமீயில் புறா நுழையாது, நடு பேண்டின் மேல் உட்காரும். அதற்குச் சரிவாகப் பூசிவிட்டோம். இப்போதும் உட்காருகின்றன.

மாட்டுங்கா விளிம்பு

சிட்-அவுட் சிலாபின் விளிம்பை அழகாக முடிக்க இன்னொரு பயணப் படம் உதவியது, அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மும்பை மாட்டுங்காவில் என் பெரியம்மா வீடு. 1896இல் பிளேக் வந்த பிறகு 1898இல் அமைக்கப்பட்ட பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் போட்ட தாதர், மாட்டுங்கா மனைத் திட்டத்தில் 1930, 40களில் எழுந்த ஆர்ட் டெகோ கட்டடங்கள் அந்தத் தெருக்களில் இன்னும் வரிசையாக நிற்கின்றன. 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை ஓவல் மைதானமும் மரீன் டிரைவும் இருக்கும் தெற்கு மும்பைக் கட்டடங்கள். மாட்டுங்காவுக்கு அந்தப் புகழ் இல்லை, அதனால் நிம்மதியாக நின்று படம் எடுக்கலாம். மூலையில் வளைந்து போகும் பால்கனி, ஜன்னல் மேல் புருவம் போல நீளும் மெல்லிய சன்ஷேடு. பார்த்துப் பார்த்து எடுத்தேன்.

ஃபோனில் 0.5 எக்ஸ் வைத்து நடைபாதையிலிருந்து அண்ணாந்து எடுத்த படம் அது. சன்ஷேடு மூன்றடி நீட்டியிருப்பதாக அதிலிருந்து கணக்குப் போட்டிருந்தேன். சந்தேகம் வந்து, பெரியம்மா பேரனிடம் முதல் மாடி ஜன்னல் வழியாக டேப் வைத்து அளக்கச் சொன்னேன். “சித்தி, ஒன்றரை அடிதான்” என்றான். அகலமான லென்ஸ் ஓரத்தில் இருப்பதை இழுத்து நீட்டிவிடும், அதுவும் கீழே நின்று அண்ணாந்து எடுத்தால் கேட்கவே வேண்டாம்.

உபயோகப்பட்டது அழகான வளைவுப் படம் இல்லை. மழைக்காலத்தில் எடுத்த, கறுப்புக் கறை வழிந்த ஒரு சுவரின் படம். ஒரே கட்டடத்தில் ஒரு சன்ஷேடுக்குக் கீழே சுவர் முழுக்கக் கறை, பக்கத்து ஜன்னலில் கறையே இல்லை. பெரிதாக்கிப் பார்த்தால், கறை இல்லாததன் அடிப்பக்க விளிம்பில் விரல் அகலத்துக்கு ஒரு காடி, அதாவது நீளமான பள்ளம். தண்ணீர் அடிப்பக்கமாகச் சுவருக்கு ஓடாமல் அங்கேயே சொட்டிவிடுகிறது. பக்கத்தில் இருந்ததில் அந்தக் காடியைப் பிற்காலத்தில் பூசி மூடியிருக்கிறார்கள். அல்சூர் சிலாபுக்கு மேஸ்திரி அண்ணன் அரை இன்ச் கம்பியை வைத்து அந்தக் காடியை எடுத்துக் கொடுத்தார். வளைவை எடுத்துக்கொள்ளவில்லை. 12 அடி முகப்பில் அதற்கு இடமும் இல்லை.

கொண்டுவந்ததில் எதை விடுவது என்பதற்கு இதே ஊரில் ஒரு பெரிய பாடம் நிற்கிறது. பன்னேர்கட்டா சாலையில் பி.வி. தோஷி வடிவமைத்த ஐஐஎம் வளாகத்துக்கு முகலாய நகரமான ஃபதேபூர் சிக்ரிதான் மூலம் என்பது பரவலாகத் தெரிந்த செய்தி. மாணவியாக அங்கே முதல் தடவை போனபோது சிக்ரியின் குவிமாடத்தையும் சிவப்பு மணற்கல்லையும் தேடினேன். ஒன்றும் இல்லை. சாம்பல் நிறக் கருங்கல், மேலே திறந்த பந்தல், அதில் கொடி. அவர் அங்கிருந்து எடுத்துவந்தது முற்றத்திலிருந்து முற்றத்துக்கு நடக்கும் நடையை. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது, உண்மையைச் சொன்னால்.

இந்த வேலைக்குப் பிறகு ஊர் சுற்றப் போனால் என்னோடு வருபவர்களுக்குத்தான் கஷ்டம். ஒரு சுவரைக் கண்டால் நேர் எதிரில் ஒரு படம் எடுத்துவிட்டு, அப்புறம் பக்கவாட்டில் ஒட்டி நின்று எடுக்கிறேன். சூரியனுக்கு முதுகைக் காட்டி, அது அடிக்கும் திசையிலேயே நின்று எடுக்கிறேன். சுவர் முடியும் ஓரம், தண்ணீர் போகும் வழி, கறை. கதவோ படியோ செங்கல் வரிசையோ கட்டாயம் படத்துக்குள் வரும்படி பார்த்துக்கொள்கிறேன், பிறகு எண்ணி உயரம் கண்டுபிடிக்கலாம். ஒன்றும் கிடைக்காவிட்டால் தம்பியை நிற்க வைக்கிறேன். அவன் 170 செமீ.

நாலே முக்கால்

சுவர் ஜூனில் முடிந்தது. ஜூலையில் போனபோது சாயங்காலம் நாலரைக்கு ஹாலில் ஆட்கள் இருந்தார்கள், அதுவே எனக்குப் போதும் என்று வந்துவிட்டேன். காற்று வருகிறதா என்று கேட்டதற்கு ஆன்ட்டி, “வருது, தூசியும் வருது” என்றார். உள்பக்கம் கொசுவலை போட்டிருக்கிறார்கள், வாரம் ஒரு தடவை தட்ட வேண்டும்.

செப்டம்பர் 23ஆம் தேதி அங்கிளிடமிருந்து போன். மார்ச்சில் 5 மணி 13க்கு வந்த வெயில் இன்றைக்கு 4 மணி 44க்கே வந்துவிட்டது, சூரியன் அதே இடம்தானே, அரை மணி நேரம் எங்கே போச்சு என்று கேட்டார். படமும் அனுப்பியிருந்தார், டாக்குமென்டாக, நேரம் இடத்தோடு.

உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். பாதி நேரம் மேஸ்திரி அண்ணன் கணக்கில். மார்ச்சில் வைத்த மாதிரி கலவையில்லாமல் அடுக்கியது, ஓட்டை உயரம் செங்கலின் 75 மிமீதான். கட்டும்போது மேலும் கீழும் கலவை சேர்ந்து அது 90 ஆகிவிட்டது. 18 டிகிரியில் நுழையவேண்டிய வெயில் 21 டிகிரியிலேயே நுழைகிறது, அதற்குக் கால் மணி. மிச்சக் கால் மணி நாட்காட்டியுடையது. பெங்களூரில் மார்ச் 21 வாக்கில் சூரியன் உச்சிக்கு வருவது 12:27க்கு, செப்டம்பர் 23 வாக்கில் 12:12க்கு. பூமி சூரியனைச் சுற்றும் வேகம் ஒரே சீராக இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் கடிகாரமும் சூரியனும் வருடம் முழுக்க இப்படி முன்னே பின்னே போகும்.

இதை அவரிடம் சொன்னபோது, ஆயிரத்தில் ஒரு பங்கு இன்ச்சுக்கு லேத் ஓட்டிய மனிதருக்குக் கலவையில் 15 மிமீ போனதுதான் உறுத்தியது. சூரியனை மன்னித்துவிட்டார். அப்படியானால் அடுத்த மார்ச்சில் சரியாக ஐந்து மணிக்கு வரவேண்டும் இல்லையா மா என்றார். ஆமாம் என்றேன். 21ஆம் தேதிக்கு நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாராம், ஆன்ட்டி சொன்னார். எதிரே காலி மனைக்கு ஆள் வந்து அளந்துவிட்டுப் போனதையும் சேர்த்துச் சொன்னார்.